2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் போடலாம்?

பெகு_கணக்குப்பிள்ளை:
வணக்கம். கோயில் கணக்கு எழுத ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. பிரவுசரில் பாதித் தளங்கள் திறப்பதில்லை. பேட்டரி செத்து வெகுநாளாகிறது, கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடும். எக்செல் மாதிரி ஒன்று, தமிழும் பர்மியமும் டைப் அடிக்க வசதி, அப்பப்போ ஃபேஸ்புக், இவ்வளவுதான் வேண்டும். விண்டோஸுக்குப் பதில் 32 பிட் லினக்ஸ்தான் தேட வேண்டுமா?

ரங்கூன்_மணி:
தேட வேண்டாம் அண்ணே. கோர் 2 டியோ 64 பிட் பிராசஸர், விண்டோஸைத்தான் 32 பிட்டாகப் போட்டிருக்கிறார்கள். 2 என்ற எண் இல்லாத வெறும் கோர் டியோ என்றால்தான் சிக்கல், ஸ்டிக்கரை இன்னொரு முறை பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையில் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கிடையாது. லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பைப் போடுங்கள், விண்டோஸ் பழகிய கைக்குச் சுலபம்.

தட்டோன்காரன்:
மின்ட் நல்லதுதான் மணி, ஆனால் 2 ஜிபி அதற்குக் குறைந்தபட்ச அளவு, 4 ஜிபி இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். டெஸ்க்டாப் ஓடிவிடும், ஃபேஸ்புக்கைத் திறந்ததும் திணறும், ஏனென்றால் எந்த லினக்ஸ் போட்டாலும் ரேமைத் தின்பது பிரவுசர்தான், அதில் இரண்டு மூன்று டேபுக்கு மேல் வைக்காதீர்கள். என் ஓட்டு ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸுக்கு. டெபியனிலிருந்து வந்தது, ஐஸ்டபிள்யூஎம் என்ற இலகுவான விண்டோ மேனேஜரில் ஓடுகிறது, ஃபுல் பதிப்பில் எக்செல் மாதிரி வேலைக்கான லிப்ரே ஆபிஸ் கூடவே வரும். பார்க்க அழகாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் காசு செலவழிக்க முடிந்தால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், நாம் இங்கே சண்டை போடும் எல்லா லினக்ஸையும்விட அதுதான் வேகத்தைக் கூட்டும். ரேமும் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் 4 ஜிபி ஆக்கிவிடுங்கள், அப்புறம் மணி சொன்ன மின்டே போடலாம்.

மோல்மேன்_செல்வி:
டைப் அடிக்கிற விஷயத்தை யாரும் தொடவே இல்லையே. ஐபஸ் என்ற டைப்பிங் மென்பொருள், அதோடு பல மொழி விசைப்பலகைகள் உள்ள எம்17என் பொதி போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும், பர்மியத்துக்கும் விசைப்பலகை உண்டு. பர்மிய எழுத்துக்குப் படவுக் ஃபான்ட் போதும். ஆனால் பழைய கணக்குக் கோப்புகள் ஸௌஜியில், அதாவது யூனிகோடு முறைக்கு ஒத்துவராத பழைய பர்மிய ஃபான்ட்டில் இருந்தால் அப்படியே திறக்காதீர்கள், கன்னாபின்னாவென்று தெரியும். 2019 அக்டோபரில் மியான்மர் நாடே யூனிகோடுக்கு மாறியபோது ஃபோன்கள் மாறின, நம் பழைய கோப்புகள் மாறவில்லை. கன்வெர்ட்டரில் போட்டு மாற்றித்தான் ஆகவேண்டும், பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடித்த தமிழுக்கும் இதே கதைதான். முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுங்கள்.

கரண்ட் விஷயம்: லிப்ரே ஆபிஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம் இருக்கும், அதை 2 ஆக்குங்கள். இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பெகு_கணக்குப்பிள்ளை:
ரொம்ப நன்றி. ஸ்டிக்கரில் 2 இருக்கிறது. எஸ்எஸ்டி அடுத்த மாதம்தான் முடியும், இப்போதைக்கு ஆன்டிஎக்ஸை பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

தட்டோன்காரன்:
வைஃபை. அந்தக் காலத்து லேப்டாப்பில் பிராட்காம் சிப் இருந்தால் டிரைவர் தனியாகப் போட வேண்டிவரும். பென்டிரைவில் ஓடும்போதே வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விண்டோஸை அழியுங்கள்.