புதுப்பிப்பு: மகளின் தாளம் இப்போது ஓடுவதில்லை

நாலு வயது மகளைக் கர்நாடக இசையின் ஆதி தாளம் போடச் சொன்னால் வேகம் ஓடிக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

விரல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அந்தத் தாளத்தின் 8 அட்சரத்துக்குள், அதாவது 8 எண்ணிக்கைக்குள், தட்டு, விரல், வீச்சு என்று மூன்று வேலை. குட்டிக் கைக்கு அது அதிகம். பதிலுக்குக் கூடத்தில் கும்மி. முதலில் அவள் நடைக்கு நான் தட்டினேன். சிறு பிள்ளைகளின் இயல்பான வேகம் பெரியவர்களுடையதைவிடக் கூடுதல். மெதுவாகத் தட்டச் சொன்னதுதான் தப்பு. அப்புறம் கவிழ்த்த சொம்பில் கரண்டியால் தட்டுவேன், அவள் நடப்பாள். சத்தம் நின்றால் சிலை.

நேற்று நடுவில் நிறுத்தி, "நீயே போடா கண்ணு" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு 16 தட்டு, ஒரே சீராக! கண் கலங்கிவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.