சோர் சர்வீஸ் வால்வுக்கு 410 ஆகுமா? அவசரம்

ஓசூர்_சிஎன்சி: வணக்கம். ஓசூர் சிப்காட்டில் சின்ன ஜாப் ஷாப் வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கிணற்று வால்வு பாகம் ஒன்று ஆர்டர் வந்திருக்கிறது. டிராயிங்கில் ‘சோர் சர்வீஸ்’ (ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த கிணற்றில் வேலை) என்று மட்டும் இருக்கிறது. 410 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு கையிருப்பில் உண்டு. ஹார்டனிங் செய்து 30 எச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு) கொடுத்தால் போதுமா? திங்கள்கிழமை வெட்ட வேண்டும்.

துரு_எதிரி: 410 வேண்டாம், 316 ஸ்டெயின்லெஸ் போடுங்கள். எங்கள் கெமிக்கல் பிளான்ட் முழுக்க அதுதான், ஒரு புள்ளி துரு இல்லை.

உலோகவியல்_மாணவி: என்ன பாகம் அண்ணா? அழுத்தம், ஹைட்ரஜன் சல்ஃபைடு எத்தனை பிபிஎம், குளோரைடு, பிஎச், வெப்பநிலை?

மூத்த_இன்ஸ்பெக்டர்: சோர் சர்வீஸ் மெட்டீரியலுக்கென்றே ஐஎஸ்ஓ 15156 என்று ஒரு தரநிலை இருக்கிறது, படித்துவிட்டு ஆர்டர் எடுக்க வேண்டும் தம்பி. இது துரு விஷயமே இல்லை. சல்ஃபைடு இருந்தால் ஹைட்ரஜன் வாயுவாகச் சேர்ந்து வெளியேறாமல் அணுவாகவே ஸ்டீலுக்குள் இறங்கும். கடினமான ஸ்டீல் திடீரென்று பிளந்துவிடும். 410க்கு உச்சம் 22 எச்ஆர்சி, அதுவும் ஹார்டனிங்குக்குப் பிறகு இரண்டு முறை டெம்பர் (மறுபடி சூடாக்கிக் கடினத்தைக் குறைப்பது), இரண்டுமே 620 டிகிரிக்குக் குறையாமல். 30 என்ற பேச்சே வேண்டாம்.

துரு_எதிரி: 316ஐ ஹார்டனிங்கே செய்ய முடியாதே, அப்போது அதுதானே பாதுகாப்பு?

உலோகவியல்_மாணவி: கோல்டு டிரா செய்த, அதாவது சூடாக்காமல் இழுத்த, 316 ராடு கடினப்பட்டிருக்கும். சூடான உப்புநீரில் குளோரைடு விரிசலும் வரும்.

துரு_எதிரி: சூட்டில் எல்லா ஸ்டீலிலும்தான் விரிசல் வரும்.

மூத்த_இன்ஸ்பெக்டர்: தவறு. 410இல் சல்ஃபைடு விரிசல் அறை வெப்பநிலையில்தான் மோசம். சூட்டில் மோசமாவது குளோரைடு விரிசல். இரண்டையும் குழப்பாதீர்கள்.

துரு_எதிரி: என் அனுபவத்தில் அப்படி இல்லை சார்.

ஓசூர்_சிஎன்சி: ஆர்டர் கொடுத்தவர்களிடம் கேட்டு வந்தேன். பாகம் ஸ்டெம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு). அழுத்தம் 70 பார், ஹைட்ரஜன் சல்ஃபைடு 500 பிபிஎம். மற்றதெல்லாம் அவர்களிடமே இல்லையாம்.

உலோகவியல்_மாணவி: ஸ்டெம் என்றால் கதையே வேறு. 70ஐ 500 பிபிஎம்மால் பெருக்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடின் பங்கு அழுத்தம் 0.035 பார், அதாவது 3.5 கிலோபாஸ்கல். வாயுவில் அது 0.3 கிலோபாஸ்கலைத் தொட்டாலே சோர் கணக்குதான். வால்வு பாகங்களுக்கு 410ஐ 10 கிலோபாஸ்கல் வரை, பிஎச் 3.5க்குக் குறையாமல் அனுமதிக்கிறார்கள். ஆனால் அந்த அனுமதியில் ஸ்டெம் சேராது. 718 நிக்கல் கலவையைக் கேட்டுப் பாருங்கள், சொல்யூஷன் அனீல் செய்து ஏஜ் செய்த (இரண்டுமே வெப்பப் பதப்படுத்தல்) நிலையில் 40 எச்ஆர்சி வரை போகலாம். மெட்டீரியலை முடிவு செய்வது கிணற்றுக்காரர் பொறுப்பு, நீங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

ஓசூர்_சிஎன்சி: 718 என்று மெயில் வந்துவிட்டது. நன்றிம்மா. ராடு விலை பேசப் பெங்களூருக்குக் கிளம்புகிறேன்.