ஆச்சி வீட்டுக் குழு: பவித்ராவின் பட்டிமன்றம்

மீனா: ஞாயிறு மதியம் ஆச்சி வீட்டில் எல்லோரும் சேர்ந்து பவித்ராவின் பட்டிமன்றத்தைப் பார்ப்பதாகப் பேச்சு. பொங்கலன்று மின்சாரம் போனதில் ஆச்சி பார்க்கவில்லை. இன்று சேனலின் செயலியில் போட்டுக் காட்டினோம். மேடையில் ஏழு பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. "இதில் எது நம் பிள்ளை?" என்று ஆச்சி கேட்கிறார்கள்.

பவித்ரா: இடமிருந்து இரண்டாவது. மாம்பழ நிறப் பட்டு.

மீனா: பட்டு தெரிகிறது. சரிகைதான் கட்டம் கட்டமாக உடைகிறது. நீ கையை ஓங்கினால் ஐந்து விரலும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. தெளிகிறதே என்று பார்த்தால் மறுபடி மங்கிவிடுகிறது.

செல்வி: எங்கள் பக்கம் இவ்வளவு மோசமில்லை அக்கா

மீனா: இருக்காது செல்வி. வைஃபை பெட்டி உங்கள் பக்கம்தானே இருக்கிறது.

வள்ளி: ஆரம்பித்துவிட்டீர்களா

கணேசன்: தங்கச்சி, தொலைபேசித் துறையில் ஓய்வுபெற்றவன் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். செயலியில் ஒரு நிகழ்ச்சியைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மங்கல், நடுத்தரம், தெளிவு என்று பல தரத்தில் வைத்திருப்பார்கள். முந்தைய துண்டு எவ்வளவு விரைவாக வந்தது என்று டிவி பார்த்துக்கொண்டே இருக்கும். சீக்கிரம் வந்தால் அடுத்ததைத் தெளிவாகக் கேட்கும், தாமதித்தால் மங்கலாகக் கேட்கும். படம் நின்றுபோவதைவிட மங்குவது மேல் என்ற கணக்கு. எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வந்தாலே போதும். மாப்பிள்ளை போட்டிருப்பது 100 மெகாபிட் திட்டம். எனவே கோளாறு தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது.

முருகன்: வீட்டுக்குள் என்றால்? மாதாமாதம் பணம் கட்டுவது நான் அத்தான்.

வள்ளி: பணத்தைப் பற்றி யார் பேசினார்கள் தம்பி

மீனா: தண்ணீர் மோட்டார் ஓடுவது எங்கள் மீட்டரில். அதை நாங்கள் சொல்லிக் காட்டுவதில்லை.

பாபு: இப்போது வேகம் பார்த்தேன். எங்கள் கூடத்தில் 94. ஆச்சி டிவி பக்கத்தில் 2, சில நேரம் அதுவும் இல்லை.

கணேசன்: பார்த்தீர்களா! நடுவில் நிற்பது தாத்தா கட்டிய ஒன்றரை அடிச் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு வேகம் உண்டு, சுவரைத் தாண்டும் வலு கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டும். ஆனால் அக்கம்பக்கத்துப் பெட்டிகளும் அதிலேயே முட்டி மோதுகின்றன. பெட்டியிலிருந்து டிவிக்கு நேராக லேன் கேபிள் இழுத்துவிடலாம். 100 மீட்டர் வரை போகும். சுவரில் ஒரே ஒரு துளை.

முருகன்: எந்தச் சுவரில்?

கணேசன்: நடுச்சுவரில்.

வள்ளி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகன்: நடுச்சுவரை யாரும் தொடக்கூடாது என்று பாகப்பத்திரத்தில் எழுதச் சொன்னது நானா? ஒரு ஆணி அடித்ததற்குப் பஞ்சாயத்து வைத்தவர்கள் இப்போது துளை போடலாமா?

மீனா: அது ஆணி இல்லை தம்பி, ஏசி.

செல்வி: ஞாயிறு சமையல் என்ன அக்கா? சொதி வைத்துவிடலாமா?

வள்ளி: சொதி என்றால் நான் இஞ்சித் துவையல் அரைத்துக்கொண்டு வருகிறேன்

மீனா: தேங்காய் விற்கிற விலையில் இத்தனை பேருக்குச் சொதியா

பவித்ரா: மாமா, நான் சென்னையில் லேன் கேபிள் போட்டுத்தான் பார்த்தேன். தரத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலே 576-இல் முடிந்துவிடுகிறது.

கணேசன்: அப்படியா? அப்படியென்றால் அவர்கள் கொடுப்பதே எஸ்டி, அதாவது எச்டிக்கும் கீழான பழைய தரப் படம். அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576. பெருக்கினால் சுமார் 4 லட்சம் புள்ளி. மாப்பிள்ளை ஆச்சிக்கு வாங்கிக் கொடுத்தது 55 அங்குல 4கே டிவி. அதில் 83 லட்சம் புள்ளி. வருகிற ஒரு புள்ளியை 20 புள்ளியாக இழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. விரல் ஒட்டாமல் என்ன செய்யும்? பழைய 21 அங்குலப் பெட்டியில் இதே படம் பளிச்சென்று இருந்திருக்கும்.

முருகன்: சரி, பெரிய டிவி வாங்கியது என் தப்பு.

வள்ளி: அவர் அப்படிச் சொல்லவில்லை

செல்வி: அப்படித்தான் சொன்னார்

மீனா: அப்படியானால் துளை வேண்டாமா, வேண்டுமா? ஒரே வரியில் சொல்லுங்கள் அண்ணன்.

கணேசன்: ஒரே வரியில் சொல்ல முடியாது. 576 என்பது அதன் உச்சம். இப்போது வருகிற வேகத்தில் டிவி 240, 360 என்று அதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. கேபிள் போட்டால் 576-ஆவது நிலையாக நிற்கும். சரிகை தெரியாது. முகம் தெரியும்.

பாபு: துளையே வேண்டாம். எங்கள் ஜன்னலில் எடுத்து முற்றம் வழியாக ஆச்சி ஜன்னலுக்குக் கொண்டுவரலாம்.

மீனா: ஜன்னல் திறந்திருந்தால் பூனை வருமே

பாபு: ஒரு மதியம்தானே பெரியம்மா

முருகன்: பார்க்கலாம். ஞாயிறு எனக்கும் வேலை இருக்கிறது.

வள்ளி: சொல்ல மறந்தேன் மதினி. பட்டிமன்றம் பார்த்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பவித்ராவைக் கேட்கிறார்கள்.

பவித்ரா: அத்தை!!

செல்வி: அவர்கள் எந்த டிவியில் பார்த்தார்களாம்

மீனா: வள்ளி, பையன் என்ன வேலை?

கணேசன்: பாபு, ஜன்னலுக்கு ஜன்னல் அளந்து சொல். லேன் கேபிளில் கேட் 6 ரகம் கேட்டு வாங்கு. முனையைக் கடையிலேயே பொருத்தி வாங்கிவிடு.

பாபு: காசு யார் தருவது மாமா?

மீனா: வள்ளி, போனை எடு.