சிஸ்கோ ஏஎஸ்ஏ: விபிஎன்னில் இப்போ யார் யார் இருக்காங்கன்னு கமாண்ட் லைனில் பார்ப்பது எப்படி?

பின்னலாடை:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் அட்மினா இருக்கேன். ஃபயர்வால் சிஸ்கோ ஏஎஸ்ஏ, வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர்ற விபிஎன் சாஃப்ட்வேர் எனிகனெக்ட், லைசென்ஸ் ஒரே நேரத்தில் 50 பேருக்கு. நாளைக்கு 20ஆம் தேதி, மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கடைசி நாள். அக்கவுன்ட்ஸ் அக்கா வீட்டிலிருந்து டேலி திறக்க அஞ்சு மணியிலிருந்து பார்க்கறாங்க, உள்ளேயே போக முடியலை, 50 இடமும் நிரம்பிடுச்சு போல. நான் விபிஎன் கொடுத்திருக்கறதே 38 பேருக்குத்தான். அப்புறம் 50 எப்படி நிரம்பும்? ஃபயர்வாலைத் திரையில் பார்த்து நிர்வகிக்கற ஏஎஸ்டிஎம் என் லேப்டாப்பில் திறக்கலை, கமாண்ட் அடிக்கற எஸ்எஸ்எச் மட்டும் இருக்கு. வேலை செஞ்சிட்டிருக்கற யாரையும் தவறுதலா வெட்டிடக் கூடாதுன்னு பயமா இருக்கு.

மின்கம்பி:
முதல்ல எண்ணிக்கையைப் பாருங்க தம்பி: ஷோ விபிஎன்-செஷன்டிபி சம்மரி. அதில் ஆக்டிவ், இனாக்டிவ் ரெண்டும் தனித்தனிப் பத்தியா வரும்.

அப்புறம் ஆள் ஆளா: ஷோ விபிஎன்-செஷன்டிபி எனிகனெக்ட். ஒவ்வொருத்தருக்கும் பத்துப் பன்னிரண்டு வரி ஓடும், அதனால பக்கத்துக்குப் பக்கம் நிக்காம இருக்க முன்னாடியே டெர்மினல் பேஜர் 0 போட்டுடுங்க. பின்னாடி ஒரு பைப் குறி, இன்க்ளூட், பிறகு யூசர்நேம், டியூரேஷன், இனாக்டிவிட்டி மூணையும் நடுவில் பைப் வச்சு ஒட்டி எழுதினா பட்டியல் கைக்கு அடங்கும். மூணுக்கும் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. மாறினா ஒண்ணும் வராது.

பின்னலாடை:
ஆக்டிவ் 50, இனாக்டிவ் 9. அந்த ஒன்பதையும் எடுத்துட்டேன், அப்பவும் அக்காவால போக முடியலை. பட்டியலைத் தாளில் எழுதி எண்ணினேன் அண்ணா. 50 செஷன், ஆனா ஆள் 31 பேர்தான்! ஒரு மெர்ச்சண்டைசர் பேர் மூணு தடவை இருக்கு.

மின்கம்பி:
விஷயம் அங்கேதான். இனாக்டிவ்னு வர்றது லேப்டாப் தூங்கிப்போய், திரும்பி வந்து ஒட்டிக்கறதுக்காகக் காத்திருக்கற செஷன். அது லைசென்ஸ் கணக்கில் வராது, அதை எடுத்தும் பயனில்லை. ஒரே பேர் மூணு தடவை வரக் காரணம் விபிஎன்-சைமல்டேனியஸ்-லாகின்ஸ், அதாவது ஒருத்தர் ஒரே நேரத்தில் எத்தனை இடத்திலிருந்து நுழையலாம்ங்கற அமைப்பு. நாம மாத்தாத வரைக்கும் அது 3. வீட்டு கம்ப்யூட்டர், லேப்டாப், போன்னு ஒருத்தரே மூணு இடம் பிடிச்சிருக்கார்.

இப்போ வெட்டறதுக்கு முன்னாடி, பைப் போடாத முழுப் பட்டியலில் ஒவ்வொரு செஷனுக்கும் வர்ற பைட்ஸ் ஆர்எக்ஸ் எண்ணைக் குறிச்சுக்கோங்க. அது அவங்க பக்கமிருந்து ஃபயர்வாலுக்கு வந்த அளவு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. நல்லா ஏறியிருந்தா தொடாதீங்க, யாராவது பாதி என்ட்ரியில் இருப்பாங்க. கொஞ்சமாத்தான் ஏறியிருந்தா அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு விபிஎன்-செஷன்டிபி லாகாஃப் இண்டெக்ஸ், கூட பட்டியலில் அந்த செஷனுக்கு இருக்கற இண்டெக்ஸ் எண்ணைக் கொடுங்க. லாகாஃப் நேம் போடாதீங்க, அந்தப் பேரில் இருக்கற மூணும் சேர்ந்து போயிடும். லாகாஃப் ஆல் பக்கமே போகாதீங்க, கிளை அலுவலகத்தை இணைக்கற விபிஎன் டனலும் அதோட விழும்.

இரவுப்பணி:
இன்னொண்ணு. டிராஃபிக் இல்லாம இருந்தா தானா துண்டிக்கற ஐடில் டைம்அவுட் 30 நிமிஷம்தான், ஆனா மெயில் சாஃப்ட்வேர் ஒண்ணு திறந்திருந்தாலே பின்னணியில் டிராஃபிக் ஓடிட்டே இருக்கும், ஐடில் ஆகவே ஆகாது. மொத்தம் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம்ங்கற செஷன்-டைம்அவுட்டுக்கு, நாம மாத்தாத வரைக்கும் வரம்பே இல்லாமல்தான் வரும். குரூப் பாலிசியில் விபிஎன்-செஷன்-டைம்அவுட் 720 கொடுங்க, கணக்கு நிமிஷத்தில், அதாவது 12 மணி நேரம். ஏற்கெனவே உள்ளே இருக்கறவங்களுக்கு இது பிடிக்காது, அடுத்த தடவை நுழையும்போதுதான். ஃபயர்வாலோட பதிவேடான சிஸ்லாகில் 113019 எண்ணைத் தேடினா ஒவ்வொருத்தரும் எத்தனை நேரம் இருந்தாங்க, எதனால் துண்டிச்சதுன்னு காரணத்தோட கிடைக்கும். நான் தினமும் காலையில் முதல்ல பார்க்கறது அதைத்தான்.

பின்னலாடை:
மெர்ச்சண்டைசருக்குப் போன் போட்டேன். வீட்டு கம்ப்யூட்டர் திங்கள்கிழமையிலிருந்து ஓடிட்டிருக்காம், மூணு நாள் கணக்கு டியூரேஷன்லேயும் தெரியுது. இப்படி 11 செஷன் கேட்டுக் கேட்டு எடுத்தேன். அக்கா 8.40க்கு உள்ளே போயிட்டாங்க. சைமல்டேனியஸ் 2 ஆக்கிட்டேன், 720உம் போட்டு, ரைட் மெம் கொடுத்து சேமிச்சாச்சு. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்கண்ணா.