செடியிலிருந்து நிக்கல்: நம் கரையில் இயலுமா?

கேள்வி (மண்டபம்):
தென் பசிபிக்கிலுள்ள நியூ கலிடோனியாத் தீவின் ஒரு மரத்தில் வடியும் நீலப்பச்சைப் பாலின் உலர் எடையில் ஏறத்தாழ 25 விழுக்காடு நிக்கல் இருப்பதை, பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜாஃப்ரே, நியூசிலாந்து வேதியியலாளர் இராபர்ட் புரூக்ஸ் உள்ளிட்டோர் 1976இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். இங்கே மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்திலிருந்தும் அவ்வாறு உலோகம் எடுக்க இயலுமா?

மறுமொழி (பரமக்குடி):
இயலாது என்றே கருதுகிறேன், ஐயா. அம்மரம் வளர்வது நிக்கல் செறிந்த பாறை சிதைந்து உருவான மண்ணில். நம் கரையிலோ கடல்மணலும் பவளச் சுண்ணாம்புப் பாறையுமே மிகுதி. மண்ணில் இல்லாததை எந்த வேரும் உறிஞ்சித் தராது. மேலும், உலர்ந்த இலையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் சேர்ப்பவற்றையே மிகைத்திரட்டிச் செடிகள் என்கிறார்கள். பெரும்பாலான செடிகளில் 10 மில்லிகிராம்கூட இராது. என்னை வியக்க வைப்பது வேறொன்று: வேறு செடிகளைக் கொன்றுவிடும் அளவுள்ள நிக்கலை அம்மரம் சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்து, தனக்குத் தீங்கின்றி வைத்துக்கொள்கிறது.

மறுமொழி (இராமேசுவரம்):
பிரித்தெடுக்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிகைத்திரட்டிச் செடிகளை அறுத்து, உலர்த்தி எரித்தால் உலோகம் சாம்பலில் செறியும். அதனை அமிலத்தில் கரைத்து நிக்கல் உப்பாகப் பிரிக்கலாம். நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்குப் போகும் சீமைக்கருவேல விறகை எரித்தால், சாம்பலில் எஞ்சுவது பெரும்பாலும் கால்சியமும் பொட்டாசியமுமே.