‘ஆபிதனோ’வில் அழுத்தம் எங்கே?

மிலான்வாசி: இத்தாலிய வினைகளில் அழுத்தம் எப்போதும் ஈற்றயலசையில்தான், அதாவது கடைசிக்கு முந்தைய அசையில்தான், விழும் என்றும், ‘வசிக்கிறார்கள்’ என்பதை ‘அபிதானோ’ என்று ‘தா’வை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றும் நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். தெரியாததை விதியாக்கிப் பிறருக்குக் கற்பிப்பதைப் பொறுக்க முடியவில்லை. அந்தச் சொல் ஆ-பி-த-னோ, அழுத்தம் முதலசையில்.

இலக்கணப்பித்தன்: எழுதியவன் நான்தான். ‘வசிக்கிறோம்’ என்பது அபிதியாமோ, ‘வசிக்கிறீர்கள்’ என்பது அபிதாதே. இரண்டிலும் அழுத்தம் ஈற்றயலில் இருக்க, ‘அவர்கள்’ மட்டும் ஏன் விலக வேண்டும்?

மிலான்வாசி: ஒருமையான ‘ஆபித’வில் அழுத்தம் முதலசையில் இருக்கிறது, ‘னோ’ சேர்ந்து பன்மையாகும்போது அது நகர்வதில்லை. இலத்தீன் ‘ஹபிதந்த்’ மூன்றசைச் சொல். அதிலும் முதலசைக்கே அழுத்தம். பிற்காலத்தில் இறுதியில் ஓர் ஓகாரம் ஒட்டிக்கொண்டதால், அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவதாகிவிட்டது. நான் மிலானுக்கு வந்த புதிதில் ‘தா’வை அழுத்தியபோது, வீட்டுக்கார அம்மா மேசையில் விரலால் நான்கு முறை தட்டி, முதல் தட்டை மட்டும் ஓங்கிக் காட்டினார். ‘கபிதனோ’வைப் பாருங்கள்: முதலசையை அழுத்தினால் ‘நேர்கின்றன’, மூன்றாவதை அழுத்தினால் ‘கப்பல் தலைவன்’, ஈற்றை அழுத்தினால் ‘தலைமை தாங்கினான்’. இவற்றுள் ஈற்றழுத்தத்துக்கு மட்டுமே எழுத்தில் குறி கட்டாயம்.

யாப்புமாணவி: இருவருமே ‘அசை’ என்ற சொல்லைப் பிழையாக ஆள்கிறீர்கள். தமிழ் யாப்பில் ‘பித’ குறிலிணை, அதாவது அடுத்தடுத்த இரு குறில்கள்; எனவே இரண்டும் சேர்ந்து ஒரே அசை, நிரையசை. ஆ, பித, னோ என மூன்றே அசைகள் இருக்க, நான்காவது எங்கிருந்து வந்தது?

மிலான்வாசி: அம்மணி, நாம் வெண்பாவுக்கு அலகிடவில்லை. இத்தாலியத்தில் உயிருக்கு ஓர் அசை. ஈருயிர் இணைந்தொலித்தால் மட்டும் இரண்டும் ஓரசையாகும்.

இலக்கணப்பித்தன்: சென்ற மாதம் இரட்டை மெய் பற்றிய இழையிலும் இதே அதட்டல்தான், அதை நான் மறக்கவில்லை. எதிர்காலத்தில் ‘அபிதெரான்னோ’, அழுத்தம் ஈற்றயலில்தான் விழுகிறது. என் விதி நிற்கிறது.

மிலான்வாசி: நாம் பேசுவது நிகழ்காலத்தை. இறந்தகாலத்துக்குப் போனாலும் ‘அபிதாவனோ’வில் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது, அங்கும் உங்கள் ‘எப்போதும்’ உடைகிறது. ‘ஆபிதனோ’வில் அழுத்தம் ‘ஆ’வில்தான்; எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்.

இலக்கணப்பித்தன்: பெரும்பான்மைச் சொற்களுக்குப் பொருந்துவதையே விதி என்பார்கள். ஒரு வீட்டுக்கார அம்மாவின் மேசைத்தட்டு இலக்கணமாகாது.

யாப்புமாணவி: ‘பித’ நிரையசை என்பதற்கு எவரும் இன்னும் நேராக விடையளிக்கவில்லை.