கைநாட்டு வைப்பவர்களுக்கு யாரைச் சாட்சியாக வைப்பது?

எங்கள் ஆய்வு: நாமக்கல் மாவட்டக் கிராமங்களில் எச்.ஐ.வி.யோடு வாழும் 60 பேரிடம் நேர்காணல். ரத்தம் எடுப்பதில்லை, மருந்தைத் தொடர்வது பற்றிய கேள்விகள்தான். 14 பேருக்குப் படிக்கத் தெரியாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி இவர்களின் ஒப்புதலுக்கு ஆய்வைச் சாராத, படிக்கத் தெரிந்த சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிக்கே நோய் விவரம் தெரிந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

பார்த்த வழிகள்: ஊர்க்காரர் என்றால் மாலைக்குள் தெரு முழுக்கத் தெரியும். குழுவின் களப்பணியாளர் சார்பற்றவர் ஆகமாட்டார். ஏ.ஆர்.டி. மைய (எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு மையம்) ஆலோசகருக்கு விவரம் ஏற்கெனவே தெரியும், ஆனால் மாத்திரை வாங்கும் இடத்து ஆள் பக்கத்தில் இருந்தால் யார் "வேண்டாம்" என்பார்கள்? ஆய்வின் தலைப்பை 'பொது உடல்நல ஆய்வு' என்று மாற்றச் சிலர் சொன்னார்கள். அது ஏமாற்று; 2017 எச்.ஐ.வி. சட்டம் ஆய்வுக்கும் தெரிந்து தரும் ஒப்புதலைத்தான் கேட்கிறது.

கையெழுத்துக்குப் பதில் வாய்மொழி ஒப்புதலும், பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணும் போதுமா என்று, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் மூன்று வாரம் முன்பு கேட்டோம். "சாட்சிக்கு என்ன மாற்று?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரல்பதிவும் யோசித்தோம். குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும், பலர் மறுப்பார்கள். அடுத்த கூட்டம் 12 நாளில்.

வேறு மாவட்டத்து நேர்மறையாளர் (எச்.ஐ.வி.யோடு வாழ்வோர்) கூட்டமைப்பிலிருந்து ஒருவரை, ரகசியக்காப்பு உறுதிமொழி வாங்கி, பங்கேற்பாளரின் முன்சம்மதத்தோடு சாட்சியாக வைத்து எந்தக் குழுவிடமாவது அனுமதி வாங்கியவர்கள் உண்டா? விண்ணப்பத்தில் அதை எந்த வாசகத்தில் எழுதினீர்கள்?